எட்டாவதும் ஐந்தாவதும்

காலை ஏழரை. மூன்றாம் மாடி, கொட்டாஞ்சேனை.
பள்ளிக்கூட வேன்கள் கீழே
ஒன்றையொன்று ஏசிக்கொள்கின்றன.
சாப்பாட்டு மேசையைத் துடைத்தால் அது வகுப்பறை;
ஈரம் காயும்வரை செபம்.

இஞ்ஞாசிக்குப் பதினொன்று. பெர்பெத்துவாவுக்கு எட்டு.
நான் இரவில் படித்துப் பகலில் படிப்பிக்கிறவள்.
அவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் நிற்கிறேன், அவ்வளவுதான்;
சில நாளில் அரைப் பாடம்.
ஏன் இந்த வேலை என்றால்
மச்சாள் சொல்வாள், கட்டணம் மிச்சம்.
மாமனார் சொல்வார், மண்டைக்கனம்.
இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்
நான் ஒன்றும் சொல்வதில்லை.

ஸ்தெல்லா, ஸ்தெல்லே, ஸ்தெல்லே, ஸ்தெல்லாம்.
இலத்தீனில் வேற்றுமை ஆறு என்றதும்
"எங்களுக்கு எட்டு" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.
பிறகு கேட்டான்:
கூப்பிடுகிறதை அவர்கள் ஐந்தாவதாய் வைத்திருக்கிறார்கள்,
நாங்கள் ஏன் கடைசியில் தள்ளினோம்?
கூப்பிடாமல் எப்படிப் பேசத் தொடங்குகிறது?
புத்தகத்தில் பதில் இல்லை.
உலையில் அரிசி போடப் போனேன்.

செபமாலையில் அருள்நிறை மணி ஐம்பத்துமூன்று.
எதனாலும் வகுபடவில்லை என்று
பெர்பெத்துவா முறைப்பாடு செய்தாள்,
யாரோ ஏமாற்றிவிட்டதைப் போல.
இசைக்குப் பாண் வண்டி போதும்:
தினமும் அதே மெட்டு;
மின்கலம் இறங்கிய நாளில்
அரைச் சுரம் தாழ்ந்து வருவதையும் அவள்தான் பிடித்தாள்.
வானியலுக்குத்தான் வழியில்லை.
துறைமுகத்து வெளிச்சம் வானத்தைத் தின்றுவிட்டது.
ஒரு சிவப்புப் புள்ளியைச் செவ்வாய் என்று
ஒரு வாரம் குறித்து வைத்திருந்தோம்.
அது ஒன்பதாம் இலக்கப் பாரந்தூக்கி என்றார்
இரவு வேலை முடிந்து வந்த அவர்.

பக்கத்து வீட்டுத் திருமதி குமாரகுலசிங்கம்
படிக்கட்டில் மறித்தார்.
"மகன் பள்ளிக்கூடம் போறதில்லையோ?"
எத்தனை விளக்கம் கைவசம் இருந்தது எனக்கு!
இலக்கணம், அளவை, சொல்வன்மை,
எண், வடிவம், இசை, விண்:
ஏழையும் விட்டுவிட்டு வாய் சொன்னது,
"அவனுக்கு நெஞ்சுச் சளி."

சளி நான்கு மாதம் நீடித்தது.

அளவைப் பாடத்தில் ஒருநாள்
சொந்தமாய் ஒன்று எழுது என்றேன்.
கொப்பியை நீட்டினான்.
பொய் சொன்னவர் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.
அம்மா பொய் சொன்னவர்.
ஆகவே
என்பதோடு நிறுத்தியிருந்தான். மரியாதை.

எடுகூற்றைத் தட்டிப் பார்த்தேன்.
நடுப்பதத்தைக் குலுக்கிப் பார்த்தேன்.
எங்கும் ஓட்டையில்லை.
சிவப்புப் பேனையால் சரி போட்டபோது
காதெல்லாம் சூடு, பாதி வெட்கம்;
மற்றப் பாதி பெருமை. அதுவும் பாவந்தானே,
சனிக்கிழமைக்கு அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வலைத்தட்டிக்கு அப்பால் நெடுநேரம் சத்தமில்லை.
பிறகு, "எத்தனை புள்ளி போட்டீங்கள்?"
"பத்துக்குப் பத்து, ஃபாதர்."
"நல்லது. அந்த அம்மாவிட்டப் போய் உண்மையைச் சொல்லுங்கோ."

மூன்று தட்டு.
பேராலயத்திலிருந்து நடந்து வந்த தூரமெல்லாம்
கோத்து வைத்த முன்னுரை
தாழ்ப்பாள் சத்தத்தில் அறுந்து சிதறியது.
"அவனுக்குச் சளி இல்லை.
நான்தான் வீட்டில வச்சுப் படிப்பிக்கிறன்."

"தெரியுமே" என்றார்,
தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு.
"சுவர் மெல்லிசு."
பிறகு கண்ணை மூடி,
தேவாரம் சொல்கிற அதே குரலில்:
ஸ்தெல்லா, ஸ்தெல்லே, ஸ்தெல்லே, ஸ்தெல்லாம்.
"அது என்ன, மருந்தோ?"

நட்சத்திரம் என்றேன்.

மேலே பார்த்தார். நடைகூடத்துக் குழல்விளக்கு.
"நாலு வரைக்கும் நல்லா ஓடுறான் பிள்ளை.
ஐஞ்சாவதிலதான் ஒவ்வொரு நாளும் நிண்டு போறான்.
அதை ஒருக்காப் பாருங்கோ."