ஏழாம் எபிசோட்

ஆறாம் எபிசோடின் முடிவில்
பனிப்பிளவுக்குள் விழுந்தவன் நான்தான்.
கயிறு பாதியில் நின்றது.
மேலே ஹெலிகாப்டர் இரைச்சல்,
திரையில் ‘தொடரும்’.
தொடரவில்லை.

கதையில் எனக்குப் பெயர் ராஜ்.
செந்தூரன் என்பது
இயக்குநர் வாயில் நுழையவில்லை.

பார்த்தவர்கள் போதவில்லையாம்.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
ரெவெல்ஸ்டோக் கிடங்கிலிருந்த பனிப்பிளவை,
தெர்மாகோலும் நீலப் பெயின்டுமாக,
மூன்று துண்டாய் அறுத்து லாரியில் ஏற்றினார்கள்.
ஹெல்மெட்டை மறக்காமல் திருப்பிக் கேட்டார்கள்.

இப்போது டயர் கடை.
நவம்பரில் ஊரே வரிசையில் நிற்கும்.
நேற்று வந்தவள் நிஜ மீட்புக்குழுக்காரி;
வண்டிக்குள் கயிற்றுச் சுருள், ஈர நாய்.
குந்தியிருந்து நட்டை இறுக்கும்போது கேட்டாள்:
“அந்தக் குழியில் கிடந்தது நீங்கள்தானே?”

குழுவே கூடிப் பார்க்குமாம்.
முடிச்சு ஒன்றுகூடச் சரியில்லை என்று
சிரித்துச் சிரித்து இருமினாள்.
பிறகு, “எவ்வளவு ஆழம்?”
“ஒன்பது அடி. கீழே மெத்தை.”
“இல்லை, கதையில்.”
“நாற்பது மீட்டர். இடது கால் முறிவு.”

பில்லின் பின்புறம் வரைந்தாள்:
இங்கே இரண்டு ஆணி, இங்கே கப்பி,
இழுக்க நாலு பேர்.
“மூன்று மணி நேரம் ஆகும்.”
சட்டையில் தைத்திருந்த பெயரை
எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
“செந்தூரன், தூங்கிவிடாதே.”

வரியோடு சேர்த்துத் தொகையைச் சொன்னேன்.
கார்டைத் தேய்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
எழுந்து நிற்க முடியவில்லை;
இடது கால் மரத்திருந்தது.
குந்தியிருந்ததால்தான் இருக்கும்.