நூற்றுப் பதினேழாவது ஆடு

நூற்றுப் பதினாறு ஆடுகளுக்கு
நூற்றுப் பதினாறு தகர வில்லைகள் என் பையில்.
பதினேழாவது, கொம்பில்லாத மெரினோக் கிடா,
என் முழங்கால்களுக்கிடையில் கழுத்தைக் கொடுத்து
ஒரு பக்கத்து ரோமம் இழந்து கிடந்தது.
அப்போதுதான் இடுப்பில்
யாரோ சுவிட்சைப் போட்டார்கள்.

பிட்டம், தொடை, கெண்டைக்காலின் வெளிப்பக்கம்,
பெருவிரல் நுனிவரை
ஒரே இழுப்பு.
கிடா எழுந்து, வேலி தாண்டி,
பாதிக் கோட்டு மாட்டிய கனவானைப்போல
மலையேறிப் போய்விட்டது.
கும்பல் சிரித்தது.
நானும் சிரித்தேனாம், சொன்னார்கள்.

கான் கானிலிருந்து எஸ்கெல்வரை
கம்பளி மூட்டைகளின்மேல் குப்புறக் கிடந்து போனேன்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் எவரிஸ்தோ
மன்னிப்புக் கேட்டான்,
என்னிடமல்ல, லாரியிடம்.

"பெருவிரலைத் தூக்குங்கள், ரொசெந்தோ"
என்றாள் பிசியோதெரபிஸ்ட் மிர்த்தா பியூ.
தூக்கினேன்.
"தூக்குங்கள்" என்றாள் மறுபடியும்.
குனிந்து பார்த்தேன்.
அடுத்த வீட்டு நாய்போல
என் பேச்சைக் கேட்காமல் கிடந்தது விரல்.

இழுப்பறையிலிருந்து ஓர் அல்ஃபாஹோர் எடுத்தாள்:
இரண்டு பிஸ்கட், நடுவே பால் இனிப்பு.
"இவை முதுகெலும்புகள், இது வட்டு."
முன்விளிம்பை அமுக்கினாள்.
பின்பக்கம் பிதுங்கியது இனிப்பு.
"இருபத்திரண்டு வருஷம் குனிந்து குனிந்து
நீங்கள் அமுக்கியது இதை.
பிதுங்கிய இடம் பார்த்து
உங்கள் காலுக்குப் போகும் நரம்பு புறப்படுகிறது.
இடம் போதாமல் கத்துகிறது."
பிறகு கேட்டாள், "சாப்பிடுகிறீர்களா?"
என் முதுகெலும்பைச் சாப்பிட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.

கத்தி இப்போதைக்கு வேண்டாம் என்றாள்.
கட்டிலே கதியென்று கிடக்கவும் வேண்டாம்.
நட, கொஞ்சம். நாளைக்கு இன்னும் கொஞ்சம்.
இரண்டு மணிக்கொரு தரம் குப்புறப் படுத்து,
இடுப்பைத் தரைக்கு விட்டுவிட்டு
கையூன்றி நெஞ்சை மட்டும் தூக்கு, பத்து முறை.
பிதுங்கியது தானே சுருங்கும், பலருக்கு.
எல்லோருக்கும் என்று அவள் சொல்லவில்லை.
வலி மிஞ்சினால் ஊசி.
விரல் இன்னும் சோர்ந்தால் அறுவைக்காரரிடம் பேச்சு.
ஒன்றை மட்டும் மூன்று முறை
என் வாயாலேயே சொல்லவைத்தாள்:
மூத்திரம் நின்றுபோனால்,
சேணத்தில் படும் இடமெல்லாம் மரத்துப்போனால்,
விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மைத்துனி நெலீதாவின் சமையலறைத் தரை.
மாற்றிக் காசாக்காத வில்லைகள்
மாத்தே டப்பாவிலிருந்து மாவு டப்பாவுக்கு,
ஒரு பத்துக்கு ஒன்று.
அவள் என்னைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள்.
இரண்டு முறை மிதித்தாள்.

மூன்றாம் வாரம் வலி கணுக்காலை விட்டது.
ஐந்தில் முழங்காலுக்கு மேலே.
ஆனால் முதுகு முன்னைவிட நொந்தது;
பயந்து போன் செய்தேன்.
"நல்ல சேதி" என்றாள் மிர்த்தா,
"வந்த வழியே திரும்புகிறது."
போய்வருகிறேன் என்று எழுந்த விருந்தாளி
வாசற்படியில் நின்று அரைமணி பேசுவதுபோல
இடுப்பில் நின்று
பேசிக்கொண்டே இருந்தது அது.

ஒன்பதாம் வாரம், கெண்டியோடு வந்த நெலீதா
"ஐயோ, உன் விரல்!" என்றாள்.
காலுறையின் ஓட்டை வழியே
பெருவிரல் தலையைத் தூக்கிப்
பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கும் அடுத்த விரலுக்கும் நடுவே
ஒரு வில்லை அகலம்
இன்றைக்கும் மரத்தே இருக்கிறது.

இந்தப் பருவத்தில் எனக்கென்று
கூரையிலிருந்து சுருள்வில்லில் தொங்கும் வார் ஒன்று.
நெஞ்சை அதில் சாய்த்துக்கொள்ளலாம்.
நாளுக்கு எண்பதுக்கு மேல் இல்லை என்று பேச்சு.
தொட்டில் குழந்தை என்கிறான் எவரிஸ்தோ.
இருக்கட்டும்.

முதல் நாள் பட்டியில் அந்தக் கிடா.
ஒரு பக்கம் ஒரு வருஷக் கம்பளி,
மறுபக்கம் இரண்டு.
நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது.
யாரும் தொட வேண்டாம் என்று சொல்லி
வாரை மாட்டிக்கொண்டேன்.
கனமான பக்கத்திலிருந்து தொடங்கினேன்.