நூறு பொலிவியானோ

உயுனி உப்புவெளியில் பேருந்து நிற்கும் இடத்தில்
நீலத் தார்ப்பாய் விரித்துக்
கறுப்புக் கண்ணாடி விற்கிறவன் நான்.
அப்தோன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.
இருட்டுக்காரன் என்றால் கை காட்டுவார்கள்.

எவ்வளவு கறுப்போ அவ்வளவு காவல்:
இந்த ஒரு வரியை வைத்து ஒன்பது வருடம் சாப்பிட்டேன்.
முகத்தில் மாட்டிவிட்டு
வெள்ளை வெளியைப் பாருங்கள் என்பேன்.
அப்பாடா என்பார்கள், அவரவர் மொழியில்.
அந்த அப்பாடாவுக்கு முப்பது பொலிவியானோ.

மேகம் மூடினால் வியாபாரம் படுத்துவிடும்.
வெயில்தான் இல்லையே என்று
வெறுங்கண்ணோடு நாளெல்லாம் சுற்றிய ஒருவன்
இரவு விடுதியில் அலறினானாம்,
கண்ணுக்குள் யாரோ மணல் கொட்டிவிட்டார்கள் என்று.
உப்பு மேல் நடந்தவனுக்கு மணல் ஏது?

வியாழக்கிழமை பொத்தோசியிலிருந்து கண் முகாம் வண்டி வந்தது.
யெஸ்மி என்ற செவிலி
மேசை கடன் கேட்டாள். கொடுத்தேன்.
என் சரக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"சோதிக்கலாமா?"

அவள் பையிலிருந்து ஓர் ஊதா விளக்கு,
கள்ள நோட்டுப் பார்ப்பார்களே, அது.
என் கல்லாவிலிருந்து ஒரு நூறு பொலிவியானோ தாள்.
போர்வைக்குள் இருவரும் தலையை நுழைத்தோம்.
தாளில் ஒளிந்திருந்த கோடுகள் எழுந்து மின்னின.
விளக்குக்கும் தாளுக்கும் நடுவே
என் கண்ணாடியைப் பிடித்தாள்,
இருப்பதிலேயே கறுத்தது, விலை கூடியது.
மின்னின.
இன்னொன்று. மின்னின.
இன்னொன்று.

பிறகு தன் மூக்கிலிருந்து கழற்றினாள்,
தண்ணீர்போல் தெளிந்த ஒன்றை.
கோடுகள் அணைந்துபோயின.

"கறுப்பு கூச்சத்தைத்தான் குறைக்கும்.
கதிரைத் தடுக்க வேறு பூச்சு வேண்டும்.
அது இல்லாத இருட்டில் பாவை விரியும்.
திருடன் வரும் நேரம் பார்த்து
கதவை அகலத் திறந்துவைத்த மாதிரி."

எங்கள் ஊர்ப் பேச்சில்
கண்ணின் நடுக்கருப்புக்குச் சிறுமி என்று பெயர்.
என் தம்பி சத்துர்னினோ உப்பு வெட்டுகிறவன்.
அவனுடைய இரண்டு சிறுமிகளுக்கும்
நான்தான் திரை மாட்டிவிட்டேன்.

இடக்கண்ணில், மூக்கோரத்திலிருந்து,
வெள்ளைச் சதை ஒன்று கருவிழி மேல் ஊர்கிறது.
தேன் விட்டால் கரையும் என்கிறாள் அவன் மனைவி.
காரட் தின்னச் சொல்கிறான் லாரிக்காரன்.
பழுக்கட்டும், அப்புறம் அறுக்கலாம் என்கிறான் அவனே.
கண்ணாடி போட்டுப் பழகினால்
கண் சோம்பேறியாகிவிடும் என்று பயந்தவனைப்
பேசிப் பேசிப் போடவைத்தது நான்.
காசு வாங்கவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

யெஸ்மி அடுத்த ஊருக்குப் போனபின்
மூன்று கண்ணாடி விற்றேன்.
இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
நான்காவது ஆள் மாட்டிக்கொண்டு அப்பாடா என்றபோது
கை நீளவில்லை.
தார்ப்பாயின் நான்கு முனையையும் சேர்த்துக் கட்டினேன்.

சாயங்காலம் உப்புக் குவியல்களுக்கு நடுவே
தம்பியிடம் நீட்டினேன்,
அவள் கொடுத்துவிட்டுப் போன தெளிந்த கண்ணாடி,
அகல விளிம்புத் தொப்பி,
பொத்தோசி மருத்துவர் பெயர் எழுதிய சீட்டு.

"இதில் ஒன்றுமே இல்லையே" என்று சிரித்தான்.
போட்டுக்கொண்டான்.
குவியலைப் பார்த்தான், மட்டக்குதிரைபோல் நின்ற லாரியைப் பார்த்தான்,
அப்புறம் என்னை.

"உன் முகம் இவ்வளவு கறுத்துப்போச்சா?"

சீட்டை மடித்துத் தொப்பிக்குள் செருகினான்.
போவானா, தெரியாது.
அந்த நூறு பொலிவியானோவை
நான் இன்னும் மாற்றவில்லை.