வேலிக்கு இந்தப் பக்கம்

கிணற்றடியில் இரண்டு வளைவு.
பூவரசங் கதியாலோடு ஒட்டி நின்றால் மூன்று.
அதனால் நுளம்புக்கடியோடு அங்கேதான் நிற்பேன்,
கட்டாரில் அவருக்கு வேலை முடிகிற நேரம்.

பாஸ்வேட்டை மகன்தான் கண்டுபிடித்தான்.
ஆரணியின் பிறந்தநாள். கேக் சாப்பிட்டவனுக்குத் தெரியாதா.
சுகந்தமலர் அக்காவிடம் நான் கேட்கவில்லை.
கேட்டால் தந்திருப்பா.
தந்தால் மாதாமாதம் ஏதும் கொடுக்க வேணும், அதுதான்.

முருங்கைக்காய் இந்தப் பக்கம் தொங்கினால் பிடுங்குவோம்,
இதுவும் காற்றில் தொங்குகிறதுதானே.

கார்த்திகையில் அந்தக் கதியாலில் கொடி ஏறியது,
நுனி சிவந்து, அடி மஞ்சளாய்,
பூ விரல்களை விரித்த மாதிரி.
நான் ஒன்றும் எழுதவில்லை. படம் மட்டும் போட்டேன்.
இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
நிமிடத்தை எனக்குச் சொன்னது அவர்கள்தான்.

பொங்கற் பானை கழுவிய கிழமை
மோட்டச்சைக்கிளில் இரண்டு பேர், சிவில் உடுப்பு.
என் வீட்டுக்கு அல்ல.
அக்காவின் கேற்றுக்கு.

கிடுகுப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன்.
தாளில் நாலு துண்டாய் ஓர் இலக்கம்.
அந்த நிமிடத்தில் அந்த இலக்கம் இந்த வீடாம்.
யார் பெயரில் இணைப்போ அவர்தான் பதில் சொல்ல வேணுமாம்.
சங்கக்கடைக் கணக்கை வாசிக்கிற மாதிரியே அக்கா சொன்னா:
“நான் பத்துக்கே படுத்திடுவன்.”

ரவுட்டருக்குள் தேடினார்கள்.
அதற்கு ஞாபகம் இருந்தது.
அக்காவின் போன். ஆரணியின் லப்டொப். ரிவி.
பிறகு, ருவான்.

வவுனியாவில் பாதி விலைக்கு நான் வாங்கிய போன்.
எவனோ தன் பெயரை உள்ளே விட்டுவிட்டு விற்றிருக்கிறான்.
உறை மாற்றினேன், சிம் மாற்றினேன்,
மாற்றுவதற்கு அதற்கொரு பெயர் இருந்தது
எனக்குத் தெரியாது.

“ஆர் இந்த ருவான்?”
இளையவர் கேட்டார். மற்றவர் சிரித்தார்.
“புருசன் இல்லாத வீட்டுக்கு
நடுச்சாமத்தில வாறவன் ஆர்?”

அடுத்த நாள் மல்லாவிச் சந்தியில் அதுதான் கதை.
சிலர் முகாம் பக்கம் கை காட்டினார்கள்.
அக்காவை மூன்று தரம் கிளிநொச்சிக்குக் கூப்பிட்டார்கள்.
ரவுட்டரைப் பையில் போட்டுக் கொண்டுபோகையில்
துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.
அவவின் புருசனைக் கொண்டுபோன அன்று கொடுக்காத துண்டு.

நான் படத்தை அழித்தேன்.
போனை அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.
அக்கா பஸ்சுக்கு நிற்கையில் ஓடிப்போய்க் குடை கொடுத்தேன்.
வாங்கினா. ஒன்றும் கேட்கவில்லை.
ருவான் நான்தான் என்று சொல்ல
ஒரு வாய்மூச்சுப் போதும்.
பஸ் வந்துவிட்டது.

மாசியில் ரவுட்டர் திரும்பி வந்தது.
அன்றிரவு போனில் ஒட்டிய தவிட்டைத் துடைத்துவிட்டு
பழக்கத்தில் வேலியடிக்குப் போனேன்.
மூன்று வளைவும் நிறைந்திருந்தன, பக்கத்தில் பூட்டு.
இணைப்புக்குப் புதுப் பெயர் வைத்திருந்தா,
ஆங்கில எழுத்தில், குறில் நெடில் இல்லாமல்.
ருவான் நிற்கிறான் என்று தெரிகிறது.
எங்கே என்பதை
வெளியில் என்றும் வாசிக்கலாம்,
வேலியில் என்றும் வாசிக்கலாம்.

அந்தப் பக்கம் லைற் எரிந்துகொண்டிருந்தது.