முப்பத்தெட்டு

அடுக்கம்பாறையில் மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
ஆறு வயது ஹேமப்பிரியாவை இடுப்பில் வைத்து ஏறினேன்.
எங்கள் டோக்கன் எழுபத்தொன்று.
உள்ளே நடந்துகொண்டிருந்தது பன்னிரண்டு.

பேர்ணாம்பட்டிலிருந்து ஐந்து மணி பஸ்.
பள்ளிகொண்டா தாண்டியதும் வலிப்பு வந்தது.
அதைப் பார்க்க பஸ் முழுக்க ஆள் இருந்தது,
டாக்டர் மட்டும் இல்லை.

இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.
சின்ன வயசு டாக்டர். கண்ணில் தூக்கம். கெட்டவர் இல்லை.
எலுமிச்சை அளவில் ஒரு நீலப் பந்தை
மேசையில் உருட்டிவிட்டார்.
எட்டு மாதமாய் வீட்டில்
தக்காளி, வெங்காயம், கோலிக்குண்டு என்று
எதை உருட்டினாலும் அசையாத கை
அன்றைக்குப் பார்த்துப் பிடித்தது.
பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
'போட்டுடு கண்ணு, கீழ போட்டுடு' என்றும்
உள்ளுக்குள் சொன்னேன்.
சொன்னவளும் நான்தான்.

"நல்லாப் பிடிக்கிறாளே" என்று எழுதிக்கொண்டார்.
ராத்திரியைப் பற்றிக் கேட்கவில்லை.
சோற்றை மிக்ஸியில் அடிப்பதை,
ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவே
தாடையைத் தாங்கிக் காத்திருப்பதை
நானாகச் சொல்ல ஆரம்பித்தேன்.
"எழுபத்திரண்டு" என்றது வாசல்.

ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை.
ஜோடியைத் திருப்பி, மடக்கி,
தையலை நகத்தால் நெருடி,
உள்ளே கைவிட்டு ஆணி முனை தேடி,
அவசரப்பட்டால் சூப்பர்வைசர் கத்துவார்.
என் மகளுக்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று?
கடிகாரம் பார்க்கத் தோன்றவில்லை.

முப்பத்தெட்டு சதவீதம்.
நாற்பது வந்தால்தான் மாதப் பணமாம்.
அந்த இரண்டு எங்கே விட்டுப்போயிருக்கும் என்று
திரும்பும் வழியெல்லாம் அவளைத் தடவிக்கொண்டே வந்தேன்.
உள்ளே வளைந்த இடது பாதத்திலா,
எச்சில் ஊறிக் கனக்கும் கழுத்துத் துணியிலா,
'அம்மா' என்று தொடங்கி
'ம்' என்று நின்றுபோகும் இடத்திலா.

மறுபடி காட்டலாமாம். மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை.
"அன்னைக்குப் பிடிக்காம பார்த்துக்கம்மா"
என்றாள் பக்கத்து சீட்டுக்காரி, நல்ல மனசோடுதான்.

குடியாத்தத்தில் தூங்கிப்போனாள்.
வியர்த்த கையைத் துடைக்கலாம் என்று விரலைப் பிரித்தால்
உள்ளே நீலம்.
யாருமே கவனிக்கவில்லை, நானும்தான்.

திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.
வியாழக்கிழமை கொடுக்கலாம்.
அதுவரை பாயில் உட்கார்ந்து
உருட்டத்தான் போகிறேன்.
பிடித்தால் பிடிக்கட்டும்.