உட்கார இடமில்லாத வண்டி

ரெலாவ் ஃபிளாட்டில் ஐந்தாம் மாடி.
மூன்று நாளாக லிஃப்ட் படுத்துக் கிடக்கிறது.
கார்புரேட்டரை மைலோ டின்னில் போட்டு
நெஞ்சோடு அணைத்து ஏறி வருகிறேன்.
துணி காயப்போடும் தவமணியக்கா
மூக்கைச் சுளிக்கிறாள்: "என்னடி சமையல்?"
பெட்ரோல் ரசம் என்றேன்.

வண்டி கீழே, கப்சாய்களுக்கு நடுவே,
பட்டினி கிடந்த ஆடு மாதிரி நிற்கிறது.
பட்டர்வொர்த்தில் வாங்கியது, நான்காம் கை.
சீட் கிடையாது. விளக்கு கிடையாது. ரோட் டேக்ஸ் கிடையாது.
அறுபத்தெட்டு கிலோ.
என்னைவிட இரண்டு கிலோ குறைவு என்பது
வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.
"எங்கேதான் உட்காருவே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம்
உட்காருவதில்லை, உட்காருவதில்லை என்று சொல்லிச் சொல்லி
இப்போது பஸ்ஸில்கூட நின்றுகொண்டே போகிறேன்.

பாயான் லெப்பாஸில் என் வேலை
பார்ப்பது.
தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே.
முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள்
ஒட்டியிருக்கின்றனவா, இல்லையா
என்று மைக்ரோஸ்கோப்பில் எட்டு மணி நேரம்.
தூசு விழுந்தால் சம்பளத்தில் விழும்.
அதே கண்ணைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து
பைலட் ஜெட்டின் துளையில் வைக்கிறேன்,
டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து.
வெளிச்சம் தெரியவேண்டும்.
தெரிவது பச்சைப் பிசின்,
மழைக்காலம் முழுக்க டாங்கியில் ஊறிய பெட்ரோல்.
செம்பு வயரில் ஓர் இழையைப் பிரித்து உள்ளே விடுகிறேன்.
குத்தக்கூடாது. காது குடைவதுபோல்,
பிறத்தியார் காதை.
விளக்கை நோக்கித் திருப்பினால்
கடுகில் பாதி
ஒரு நிலா.

ஞாயிற்றுக்கிழமை கெங் லியோங்கின் லாரியில்
மலையைச் சுற்றி பாலிக் புலாவுக்கு.
தியோ அங்கிளின் டுரியான் தோட்டத்துக்குக் கீழே ஓடை.
மரத்தடியில் வலை கட்டிய மாதத்தில் வரக்கூடாது,
அது மட்டும்தான் அவர் போட்ட சட்டம்.
பின் டயரில் நாலு பவுண்டு காற்று,
அமுக்கினால் இட்லியாய்க் குழியவேண்டும்.
கிளட்சுக்கு ஒரு விரல், பிரேக்குக்கு ஒரு விரல்,
மிச்ச எட்டும் பயத்துக்கு.

காலை ஊன்றினால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து.
இங்கே குறைய வாங்கினவர்தான் ஜெயித்தவர்.
ஓடை திரும்பும் இடத்தில் ஆளுயரப் பாறை.
அதற்கு மாமியார் என்று பெயர் வைத்த ஃபைருஸுக்கு
இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

முதல் தடவை இன்ஜின் அணைந்தது.
அடுத்து, வண்டி ஏறியது, நான் ஏறவில்லை.
மூன்றாவதில் பிரேக் லீவர்
கோழி எலும்பாய் முறிந்து தண்ணீரில் போனது.
உதிரி இல்லை.
ஃபைருஸ் தன் கப்சாயின் லீவரைக் கழற்றினான்,
அரத்தால் கொஞ்சம் தேய்த்தான், ஊதினான், மாட்டினான்.
"திருப்பித் தரணும் கா,
இறக்கத்தில் எனக்கு உயிர் வேணும்."

நான்காம் தடவை
பாறையைப் பார்க்கவில்லை.
அதற்கு மேலே ஒரு வேர் வளைந்திருந்தது, அதைப் பார்த்தேன்.
முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும்
பின்சக்கரம் வழுக்க ஆரம்பித்த இடத்தில்
இரண்டு பிரேக்கையும் பிடித்து
நின்றேன்.
பாதிப் பாறையில். இரண்டு காலும் ஃபுட்பெக்கில்.
ஓடை கேட்டது. எங்கோ ஒரு குரங்கு கிளை மாறியது.
முட்டிகள் நடுங்க, வண்டி நடுங்கவில்லை,
டுக் டுக் டுக் என்று
அந்த அரைக் கடுகு வழியாக
குடித்துக்கொண்டிருந்தது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
கெங் லியோங் மூன்று நொடி என்கிறான். அவனுக்கென்ன தெரியும்.
விரலை விட்டேன்.

மேலே போய்த் திரும்பினால்
அவன் ஒற்றை விரலைத் தூக்கி நிற்கிறான்.
இடது பூட்ஸ் பட்டதாம்.
பட்டது பெரணிச்செடி என்கிறேன்.
பெரணிக்கு அடியில் கல் என்கிறான்.
கல்லுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் பெரணி என்கிறேன்.
வெயில் ஏறுகிறது, இன்ஜின் சூட்டில் ஈரம் ஆவியாகிறது,
நான் விடுவதாய் இல்லை.
அதற்குள் ஃபைருஸ்
ஸ்பேனரைப் பல்லில் கடித்துக்கொண்டு
பாறையில் தொற்றி ஏறி வருகிறான்,
தன் லீவருக்கு.