பார்டர்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மாடிப்படிக்குக் கீழே என் கடை.
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ்,
மழைக்கு ஒழுகுகிற தகரம்.
காலை ஆறிலிருந்து
கண்டக்டர்கள் அந்தச் சொல்லைக் கூவுகிறார்கள்:
பார்டர், பார்டர், பார்டர் எறங்கு.

இங்கே அதற்குக் கை நிறைய வேலை.
கோழி லாரியை நிறுத்தி மருந்து அடிப்பது பார்டர்.
மார்த்தாண்டம் ஜவுளிக்கடையில்
மூணு இஞ்சா நாலு இஞ்சா என்று
மடியில் விரித்துக் காட்டுவதும் அதுதான்.
சுகர் பார்டரில் நிக்குது என்றார் டாக்டர்.
அம்மா அன்றைக்கே செக்போஸ்ட் தாண்டிப் போய்
அந்தப் பக்கத்துக் கடையில் பழம்பொரி தின்றாள்.
அஜின் கணக்கில் முப்பத்தைந்து, பார்டர் பாஸ்,
தெருவுக்கே லட்டு.
அவன் அண்ணன் பட்டாளத்தில்,
போன் கிடைக்காத ஏதோ ஒரு பார்டரில்.
அங்கே பனி என்கிறார்கள்.

என் கம்ப்யூட்டரில் நூற்று அறுபத்து நாலு பார்டர்.
கல்யாணத்துக்குக் கொடி, திராட்சைக்குலை,
ஞானஸ்நானத்துக்குப் புறா.
சாவுக்கு ஒன்றே ஒன்று:
கறுப்பு, மூன்று புள்ளி கனம்.
கேட்காமலே போடுவேன்.

வெள்ளிக்கிழமை ஓமனா வந்தாள்.
அண்ணன் ரசலையனுக்குப் போஸ்டர்.
பால்வெட்டுக்காரன்.
விடியுமுன் நாலரைக்கு
நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனவனை
எந்த வண்டியோ தட்டிவிட்டுப் போயிருக்கிறது.
தலை அந்தப் பக்கம்,
காலும் சைக்கிளும் இந்தப் பக்கம்.
அந்த ஸ்டேஷன் இந்த ஸ்டேஷனைக் கூப்பிட்டது.
இந்த ஸ்டேஷன் டேப் கொண்டுவரச் சொன்னது.
தமிழில் அளந்தார்கள்,
மலையாளத்தில் அளந்தார்கள்.
எட்டரை வரைக்கும்
அந்த லைட் எரிஞ்சிட்டே கெடந்தது பிள்ளே, என்றாள்.
"அணைக்கப் போனேன்.
தொட்டா கேஸு உனக்காயிரும்னானுவ."

ஆதார் அட்டையிலிருந்து முகத்தை எடுத்தேன்.
பின்னால் கொஞ்சம் வானம் வேணும் என்றாள், வைத்தேன்.
இருபது தமிழ், இருபது மலையாளம்.
வயது ஐம்பத்திரண்டு.
நல்லடக்கம் சனி, மூன்று மணி.
பழக்கத்தில் கை போய்க் கட்டம் போட்டது.

ஓமனா திரையை விரலால் தொட்டாள்.
"இது என்னது?"
பார்டர் அக்கா.
"எடுத்துரு."
சாவுக்குப் போடுவோம்லா.
"எடுத்துரு பிள்ளே.
நாலு மணிக்கூறு அதுமேலதான கெடந்தான்."

எடுத்தேன்.
வானம் காகிதம் முழுக்கப் பரவியது.
ஆனால் பிரிண்ட் வெளியே வந்தபோது
நாலு பக்கமும் கால் இஞ்ச் வெள்ளை.
இந்த மெஷின் ஓரம்வரை அடிக்காது.
வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்.
அவளிடம் அதை எப்படிச் சொல்ல.

ஸ்டீல் ஸ்கேல், பிளேடு.
நாற்பதையும் ஒவ்வொன்றாக வைத்து வெட்டினேன்.
அவள் குனிந்து கீற்றுகளைப் பொறுக்கினாள்.
முப்பதைத் தாண்டி எங்கேயோ
பிளேடு வழுக்கி
ரசலையன் காதில் கொஞ்சம் போய்விட்டது.
வேறே அடிக்கிறேன் என்றேன்.
வேண்டாமென்று அதை மட்டும் சுருட்டித்
தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
பைசா எத்தற என்றாள்.
வெட்டுக்கூலி நான் சேர்க்கவில்லை.

வெளியே திருவனந்தபுரம் வண்டி வந்து நின்றது.
பார்டர், பார்டர் எறங்கு.
கட்டை நெஞ்சோடு அணைத்தபடி
இறங்குகிறவர்களுக்கு நடுவே போனாள்.

அடுத்து நின்றவர் கல்யாணக் கார்டுக்காரர்,
குழித்துறை, மகளுக்கு.
வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்க வாயெடுத்தேன்.
ஓரம் எப்படி வேணும் அண்ணாச்சி, என்று வந்தது.

ஓரமா?
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
ஓ, பார்டரா கேக்கிய?